குழந்தையின் கார் இருக்கையை எப்போது மாற்றுவது?

ஒரு காலத்தில் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போக நமக்குப் பேருந்தும் லாரியும்தான் துணையாக இருந்தன. இன்று பால் வெட்டுக்கும் செம்பனைக் குலை அறுக்கவும் போகிற பலரின் வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்கிறது. பழைய காராக இருந்தாலும், கிளினிக்குக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் குடும்பத்தைக் கொண்டு சேர்க்கிறது. அந்தக் காரில் நம் பிள்ளை எப்படி உட்கார்ந்து வருகிறது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

மலேசியாவில் 1979-இல் காரின் முன் இருக்கையில் இருப்பவர்களுக்கும், 2009-இல் பின் இருக்கையில் இருப்பவர்களுக்கும் வார்ப்பட்டை கட்டாயமாயிற்று. 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்ற விதியும் வந்தது. இருக்கையை வாங்கிவிட்ட பெற்றோர்களுக்கு அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை வளர வளர இதை எப்போது மாற்றுவது?

முதலில், இருக்கை எதற்கு என்று பார்ப்போம். "நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், கட்டப்படாத பிள்ளைக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தை தாயின் கையை ஏறக்குறைய 140 கிலோ பாரத்தோடு இழுக்கும். இருபது கிலோ செம்பனைக் குலைகள் ஏழை ஒரே சமயத்தில் கையில் தாங்க யாரால் முடியும்? அன்பு எவ்வளவு இருந்தாலும் கைக்கு அந்த வலு கிடையாது.

குழந்தை இருக்கைகள் பொதுவாக மூன்று வகைப்படும். முதலாவது, காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி குழந்தை சாய்ந்திருக்கும் இருக்கை. இரண்டாவது, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து, தோளிலும் இடுப்பிலும் தொடைகளுக்கு நடுவிலும் வார் கட்டும் இருக்கை. மூன்றாவது, பெரியவர்களின் வார்ப்பட்டை பிள்ளைக்குச் சரியான இடத்தில் பொருந்தும்படி உயர்த்திக் கொடுக்கும் பூஸ்டர் இருக்கை. இவற்றையெல்லாம் கடந்த பிறகுதான் வெறும் வார்ப்பட்டை.

நாம் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு முறை அடுத்த வகைக்கு மாற்றும்போதும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சற்றுக் குறைகிறது. ஆகவே அவசரப்பட்டு மாற்றக் கூடாது. பள்ளியில் வகுப்பு ஏறுவது போல இதை எண்ணிப் பெருமைப்பட இடமில்லை. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

பின்னோக்கிய இருக்கையின் அருமையைக் கேளுங்கள். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் கால் பங்கு. பெரியவர்களுக்கோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். குழந்தையின் கழுத்தெலும்புகள் இன்னும் முழுமையாக இறுகவில்லை. முன்பக்கம் பார்த்திருக்கும்போது கார் மோதினால், உடலை வார் பிடித்துக்கொள்ளும். கனமான தலை மட்டும் முன்னால் பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்து ஏறிச் செல்வதைக் கண்டுதான், சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960-களில் இத்தகைய இருக்கையை உருவாக்கினார்.

முதல் பிறந்தநாள் முடிந்ததும் இருக்கையைத் திருப்பிவிடுவது பலரின் வழக்கம். அது சரியல்ல. ஆர்129 என்ற புதிய விதிமுறைப்படி செய்த இருக்கையில், 15 மாதம் நிறையும் முன் பிள்ளையை முன்னோக்கி வைக்கக் கூடாது. அதுவும் குறைந்த அளவுதான். இருக்கை இடம் கொடுக்கும்வரை பின்னோக்கியே வைத்திருப்பது மேல். "கால் மடங்குகிறதே, பிள்ளைக்கு நோகாதா?" என்று பாட்டிமார்கள் கவலைப்படுவார்கள். வீட்டில் சப்பணமிட்டு உட்காரும் பிள்ளைக்குக் கால் மடங்குவது ஒரு கஷ்டமே அல்ல. பிள்ளையின் எடையோ உயரமோ இருக்கையில் எழுதியுள்ள அளவை எட்டிவிட்டாலும், தலை உச்சிக்கும் இருக்கையின் மேல் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை என்றாலும், அப்போது மாற்றுங்கள். பழைய ஆர்44 முறையில், கைக்குழந்தைக் கூடை இருக்கை பெரும்பாலும் 13 கிலோவரை தாங்கும். அது சிறியதானால், பின்னோக்கி வைக்கக்கூடிய பெரிய இருக்கைக்கு மாற்றலாம்.

முன்னோக்கிய இருக்கை, ஆர்44 முறையில், 18 கிலோவரை பயன்படும். பிள்ளையின் தோள் மேல் வாரின் துவாரத்தைத் தாண்டிவிட்டால் அதன் காலம் முடிந்தது. அடுத்தது பூஸ்டர். 15 கிலோவிலிருந்தே இதற்கு அனுமதி உண்டு. ஆனால் எடை வந்தால் மட்டும் போதாது. பயணம் முழுவதும் நேராக உட்காரும் பொறுமையும் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும். சாய்ந்தும் நெளிந்தும் வருகிற பிள்ளை இன்னும் சில காலம் வாரிலேயே இருக்கட்டும். பூஸ்டரில் முதுகுச் சாய்வு உள்ளதே நல்லது.

பூஸ்டரை எப்போது விடுவது? பிள்ளையைக் காரின் இருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். முதுகு முழுவதும் சாய்வில் படிந்திருக்க வேண்டும். முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். மேற்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் செல்ல வேண்டும். பயணம் முடியும்வரை அப்படியே இருக்கவும் வேண்டும். பெரும்பாலும் 145 சென்டிமீட்டர் உயரம் வந்த பிறகே இவை ஐந்தும் பொருந்தும். பத்து, பன்னிரண்டு வயது ஆகிவிடும். அதற்குமுன் கட்டினால் பட்டை வயிற்றில் ஏறி, மோதும்போது குடலையும் முதுகெலும்பையும் பாதிக்கக்கூடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். முன் இருக்கையில் காற்றுப்பை இயங்கும் நிலையில் இருந்தால், அங்கே பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. விரியும் காற்றுப்பை குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். அடுத்து, உறவினர் கொடுக்கும் பழைய இருக்கை. செலவு மிச்சம் என்பது உண்மை. ஆயினும் விபத்தில் சிக்கிய இருக்கையை வாங்காதீர்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும், கிலோ அல்லது சென்டிமீட்டர் அளவும் உள்ள ஒட்டுச்சீட்டு இல்லாததையும் தவிர்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை மாறிவிட்டதே என்று பார்க்காமல், நம் பிள்ளையின் அளவைப் பார்ப்போம். கிளினிக்கில் கொடுத்த குழந்தை சுகாதாரப் புத்தகத்தில் எடையும் உயரமும் எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு இன்றே காரிடம் போய், ஒட்டுச்சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். பிள்ளைக்கு ஏற்ற இருக்கை என்பதும் அதுபோலத்தான்.