பற்றறுத்தலும் படியளத்தலும்

முன்னுரை

காவிரி பாயும் சோழவளநாட்டில் நெல்லோடு நெறிகளும் விளைந்தன. ‘பற்றை விடு’, ‘வருவதை ஏற்றுக்கொள்’ என்னும் இரண்டு அறிவுரைகளை அந்நெறிகள் யாவும் ஏதேனும் ஒரு வகையில் வழங்குகின்றன. ஆயின், இவை எளிதில் பிறழ உணரப்படுபவை. பற்றறுத்தல் என்றால் பொறுப்பிலிருந்து நழுவுதல் என்றும், ஏற்றல் என்றால் ‘எல்லாம் தலைவிதி’ என்று கைகட்டி நிற்றல் என்றும் கருதுவோர் பலர். பயிரை இழந்த உழவரிடமும் பிள்ளையை இழந்த தாயிடமும் அத்தகைய அறிவுரை கூறுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். ஆதலின், இச்சொற்களின் மெய்ப்பொருளைப் பௌத்தம், சீக்கியம் ஆகிய இரு சமயங்களின் வழி ஈண்டுக் காண்போம். முன்னது காவிரிக் கரையில் செழித்து வாழ்ந்தது. பின்னது ஐந்து ஆறுகள் பாயும் பஞ்சாபில் பிறந்தது.

சோழநாட்டில் பௌத்தம்

பூம்புகாரை அடுத்த பல்லவனீச்சுரத்தில் நடைபெற்ற அகழாய்வில் செங்கல்லால் ஆன புத்த விகாரையின் அடித்தளமும் புத்தர் பாதம் பொறித்த கல்லும் வெளிப்பட்டன. பாலி மொழியில் நூல்கள் இயற்றிய புத்ததத்தர் சோழநாட்டவரே. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் இச்செய்தியை உரைக்கின்றன. சிவனுக்குப் பெரிய கோயில் எடுத்த மன்னன் புத்த விகாரைக்கும் ஊர் அளித்தமை நம் மாணவர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

மணிமேகலையின் துறவு

இம்மண்ணின் பௌத்தக் கருவூலம் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையாகும். முப்பது காதைகளைக் கொண்ட இக்காப்பியத்தின் இறுதியில் பன்னிரு சார்புகள் விளக்கப்படுகின்றன. நுகர்விலிருந்து வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும் பிறக்கின்றன என்பது அதன் உயிரான பகுதி. காரணத்தை அறுத்தால் காரியமும் அறும். இங்கே துறக்கப்படுவது உலகம் அன்று. உலகை ‘எனது’ என்று பற்றும் வேட்கையே ஆகும்.

துறவு பூண்ட மணிமேகலையின் கைக்கு வந்து சேர்ந்தது எது? அமுதசுரபி என்னும் சோற்றுப் பாத்திரம்! அவள் காட்டுக்குச் செல்லவில்லை. புகார் நகரத்து உலகவறவியில் நின்று பசித்தோர்க்கு அன்னம் இட்டாள். சிறைக்கோட்டத்தில் இருந்தோர்க்கும் உணவளித்து, அதனை அறக்கோட்டமாக மாற்றுமாறு மன்னனிடம் வேண்டிப் பெற்றாள். அவள் உணர்ச்சி அற்றவளும் அல்லள். உதயகுமரன் வெட்டுண்டு இறந்தபோது முற்பிறவித் தொடர்பை எண்ணிக் கதறினாள். அத்துயரைக் கடந்தபின்பும் அன்னம் இடும் அறத்தை அவள் விடவில்லை.

மற்றொரு நுட்பமும் ஈண்டு நோக்கத்தக்கது. அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. கணவனோடு வாழ்ந்த இல்லறப் பெண். துறவியின் பாத்திரம் ஓர் இல்லத்தரசியின் கையால்தான் சுரக்கத் தொடங்கிற்று. துறவும் இல்லறமும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

சீக்கியம் காட்டும் இல்லறத் துறவு

ஆதிரை நின்ற அந்த இல்லறத்தையே ஆன்மிகத்தின் களமாகக் கொண்டது சீக்கியம். அதனைத் தோற்றுவித்த குரு நானக் (1469–1539) நெடும்பயணங்களுக்குப் பின் இராவி ஆற்றங்கரையில் கர்தார்பூர் என்னும் ஊரை அமைத்து, அங்கே தம் கையால் உழுது பயிரிட்டு வாழ்ந்தார். இறைவனை நினைத்தல், உழைத்து உண்ணல், பகிர்ந்து உண்ணல் ஆகிய மூன்றும் சீக்கியர் போற்றும் கடமைகள். காமம், சினம், பேராசை, மோகம், அகந்தை ஆகிய ஐந்தும் அவர்கள் வெல்ல வேண்டிய பகைகள். மனைவி மக்களை விடுதல் அங்குத் துறவு ஆகாது. அகந்தையை விடுதலே துறவு. நீரில் நின்றும் நீர் ஒட்டாத தாமரை உவமையைப் பௌத்தம், சீக்கியம் இரண்டுமே ஆள்கின்றன.

பற்றறுத்தலின் பயன் சீக்கியத்திலும் சோற்றில்தான் வெளிப்படுகிறது. குருத்துவாரா தோறும் நடைபெறும் லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் அரசனும் ஆண்டியும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பர். அவ்வரிசைக்குப் ‘பங்கத்’ என்று பெயர். நம் வழக்கில் உள்ள ‘பந்தி’யும் அதுவும் ஒரே வேரினின்று பிறந்த சொற்கள்.

ஏற்றல் எது? பணிதல் எது?

சீக்கியர் இறையாணையை ‘ஹுகம்’ என்பர். இறைவன் திருவுளத்தை ‘ரஜா’ என்பர். முறையே ஹுக்மு, ரிளா என நம்மவர் செவிக்குப் பழகிய அரபுச் சொற்களே இவை. சூஃபி ஞானியான ஷேக் ஃபரீதின் பாடல்களும் சீக்கியரின் திருநூலில் இடம்பெற்றுள்ளன. பௌத்தமோ படைப்போனைப் பேசாது. காரண காரியத் தொடர்பையே உள்ளவாறு உணர்ந்து ஏற்கச் சொல்கிறது. இவ்வேறுபாட்டை மறைத்தல் தகாது. எனினும், இரண்டிலும் ஏற்றல் என்பது செயலற்றுக் கிடத்தல் அன்று.

இறந்த குழந்தையைத் தோளில் சுமந்து மருந்து கேட்ட கிசா கௌதமியிடம், சாவு நிகழாத வீட்டில் கடுகு வாங்கி வருமாறு புத்தர் பணித்தார். ‘அழாதே’ என்று அவர் கூறவில்லை. வீடுதோறும் சென்ற அத்தாய், தன் துயரம் ஊரின் துயரமும் ஆதலைத் தானே கண்டு தெளிந்தாள்.

ஐந்தாம் குரு அர்ஜன் 1606இல் லாகூரில் கொடுந்துன்பத்திற்கு ஆளாகி உயிர்நீத்தார். அந்நிலையிலும் இறையாணையை இனிதென ஏற்றார் என்று சீக்கியர் போற்றுவர். அவர் மகனார் குரு ஹர்கோவிந்தோ, ஆன்மிகத்திற்கு ஒன்றும் உலகியல் அறத்திற்கு ஒன்றுமாக இரு வாட்களைப் பூண்டார். இறைவன் தரும் துன்பத்தை ஏற்பது வேறு. மனிதர் இழைக்கும் அநீதிக்குப் பணிவது வேறு.

முடிவுரை

இவ்வேறுபாட்டை நம் காவிரிப் படுகை நன்கு அறியும். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கடலோடும் காற்றோடும் வழக்காட இயலாது. அவற்றை ஏற்றே ஆக வேண்டும். ஆனால், ஆற்றுநீரின் உரிமை அத்தகையதன்று. அதற்காகப் படுகை உழவர்கள் 1983இல் உச்சநீதிமன்றத்தை நாடினர். 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2018இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பை வழங்கியது. வானம் பொய்ப்பதைப் பொறுத்துக்கொண்ட அதே உழவர்தாம் உரிமை பொய்ப்பதைப் பொறுக்கவில்லை.

‘இறைவன் படியளப்பான்’ என்பது நம் மக்கள் வாக்கு. அவன் அளக்கும் படி பெரும்பாலும் மனிதர் கை வழியாகவே வருகிறது. ‘எனது’ என்று இறுக மூடிய கை படியளக்காது. ‘விதி’ என்று கட்டிக்கொண்ட கையும் அளக்காது. மாணவச் செல்வங்கள் பற்றறுத்தலைக் கையைத் திறப்பதாகவும், ஏற்றலைக் கலங்காமல் அடுத்த கடமையைத் தொடங்குவதாகவும் கொள்வார்களாக!