தொழுகை நேர ஆப்பை எங்கிருந்து இறக்குவது?

ரமலான் நெருங்கும்போதெல்லாம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "பாங்கு சொல்கிற ஆப்பில் எது நல்லது?" ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் எந்த ஆப் என்பதோடு, அதை எங்கிருந்து இறக்குகிறோம், நமக்கு முன் அதை யார் திறந்து பார்த்தார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

2020 நவம்பரில் மதர்போர்டு என்ற அமெரிக்க ஊடகம் ஒரு செய்தி வெளியிட்டது. ஒன்பது கோடிக்கும் மேல் இறக்கப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' ஆப்பிலிருந்து, பயனர்கள் இருக்கும் இடம் பற்றிய தகவல் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனம் அத்தகைய தகவல்களை அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களுக்கு விற்று வந்தது. தாங்கள் ராணுவத்துக்கு நேரடியாக விற்கவில்லை என்று முஸ்லிம் ப்ரோ மறுத்தது. எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. 2022-இல் வேறொரு நிறுவனத்தின் தகவல் திரட்டும் நிரல் இருந்ததற்காகப் பல ஆப்களை கூகுள் நீக்கியது. அவற்றிலும் தொழுகை ஆப்கள் இருந்தன. அவை மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இறக்கப்பட்டவை.

இவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய திருட்டு ஆப்கள் அல்ல. பிளே ஸ்டோரில், நல்ல நட்சத்திர மதிப்பீட்டோடு இருந்தவை.

இத்தனைக்கும் தொழுகை நேரம் கணிக்க என்ன வேண்டும்? ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, அன்றைய தேதி, சூரியனின் கோணம். அஸருக்கு ஷாஃபிஈயா ஹனஃபியா என்று ஒரு தேர்வு. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நிரந்தர அட்டவணை இன்டர்நெட் இல்லாத காலத்திலேயே இதைச் செய்துவிட்டது. கிப்லாவுக்குப் போனில் உள்ள திசைகாட்டியே போதும். ஊரை ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகும் நம் இருப்பிடத்தை ஓயாமல் வெளியே அனுப்ப அந்த ஆப்புக்கு ஒரு தேவையும் இல்லை. இலவச ஆப்பை எழுதியவருக்கு வருமானம் வேண்டும். "எங்கள் சிறு நிரலை உன் ஆப்புக்குள் வைத்துக்கொள், பயனர் கணக்குக்குப் பணம் தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் வருகிறது. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

ஆப் ஸ்டோர் என்பது பாக்கெட் பிரியாணி விற்கும் கடை மாதிரி. சமைத்து, கட்டி, முத்திரையிட்டு வருவதைக் கடைக்காரர் வாங்கி அடுக்குகிறார். மேலோட்டமாகச் சோதிக்கிறார், கெட்டுப்போனது என்று புகார் வந்தால் எடுத்துவிடுகிறார். செய்முறை அவரிடமும் இல்லை.

பேக்கேஜ் மேனேஜர் முறையில் செய்முறையைத்தான் முதலில் கேட்பார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பண்டாரி வந்து, நாம் வாங்கிக் கொடுத்த அரிசியையும் கறியையும் நம் கண் முன்னே தம் போடுவதுபோல. மென்பொருளை எழுதியவர் மூல நிரலை வெளியிடுவார். வேறொருவர், பெரும்பாலும் தன்னார்வலர், அதை எடுத்துப் பார்த்து, தேவையற்றதை நீக்கி, பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பார். அங்கே அது கட்டமைக்கப்பட்டு டிஜிட்டல் கையொப்பத்தோடு நம்மிடம் வரும். எழுதியவருக்கும் நமக்கும் நடுவே, விற்பனையில் பங்கு இல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் நிற்கிறார். 1993-இல் தொடங்கிய டெபியன் லினக்ஸ் இப்படித்தான் நடக்கிறது. அதை போனுக்குக் கொண்டுவந்தது மோபியன். 2009-இல் வந்த நோக்கியா என்900 போனும் டெபியனின் இதே முறையில்தான் மென்பொருளை ஏற்றியது. அரப்ஐஸ் என்ற தன்னார்வக் குழு எழுதிய தொழுகை நேரக் கணிப்பு நிரல்கூட டெபியன் களஞ்சியத்தில் இடம்பெற்றது என்பதில் எங்களுக்குச் சிறு மகிழ்ச்சி.

லினக்ஸ் போன் நம்மில் யாரிடமும் இல்லை, வாங்கச் சொல்லவும் இல்லை. நம் ஆண்ட்ராய்டு போனிலேயே இந்த வழிக்கு அருகில் வருவது எஃப்-டிராய்ட். 2010-இல் தொடங்கியது, லாப நோக்கமற்றது. மூல நிரல் திறந்திருக்கும் ஆப்களை மட்டும் ஏற்று, பெரும்பாலும் அவர்களே கட்டமைத்துத் தருகிறார்கள். விளம்பரம், பின்தொடர்தல் போன்ற விரும்பத்தகாத அம்சம் ஏதும் இருந்தால் ஆப்பின் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். குர்ஆன், தொழுகை நேரம் என்று தேடினால் ஆப்கள் கிடைக்கும். பளபளப்பு குறைவுதான்.

குறைகளும் உண்டு. அங்கே சில ஆயிரம் ஆப்கள்தான். வங்கி ஆப், யுபிஐ எதுவும் இருக்காது. அவற்றுக்கு பிளே ஸ்டோருக்குத்தான் போக வேண்டும். புதிய பதிப்பு தாமதமாக வரும். தன்னார்வலர் கண்ணும் தப்பும்: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில், பொறுப்பாளர் வேடத்தில் ஈராண்டுக்கும் மேல் பழகிய ஒருவர் கள்ளக்கதவு வைத்தது தெரியவந்தது. டெபியனின் சோதனைப் பதிப்பு வரை அது வந்துவிட்டது. வழக்கத்தைவிட அரை நொடி தாமதம் ஏன் என்று தோண்டிப் பார்த்த ஒரு பொறியாளர் பிடித்தார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது.

இந்த வழி இப்படியே நீடிக்குமா என்ற கவலையும் இருக்கிறது. அடையாளத்தைத் தன்னிடம் பதிவு செய்த நிரலாளர்களின் ஆப்களை மட்டுமே ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்ற விடும் திட்டத்தை 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. இது எங்களை முடக்கிவிடும் என்று எஃப்-டிராய்ட் எதிர்த்தது. விவரம் தெரிந்த பயனர்களுக்குத் தனி வழி வைப்பதாகப் பிறகு கூகுள் சொன்னது. மோசடியைத் தடுக்கவே இது என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பைத் தொட்டுப் பணம் இழந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அப்படி வரும் கோப்பை யார் அனுப்பியிருந்தாலும், சொந்த மாமாவே அனுப்பியிருந்தாலும், ஏற்றாதீர்கள். எஃப்-டிராய்டையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள்.

இப்போது போனில் இருக்கும் தொழுகை ஆப்பை உடனே நீக்க வேண்டும் என்றில்லை. செட்டிங்ஸில் ஆப் அனுமதிகளுக்குப் போய், அதன் இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டு, ஊரின் பெயரைக் கையால் கொடுத்துப் பாருங்கள். நேரம் சரியாகவே காட்டும். தொடர்பு எண்கள், மைக் என்று கேட்டிருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள். செய்யத் தெரியாதவர்கள் ஜும்ஆ முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள், கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உதவுவார்கள். பெண்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தனுப்பலாம். சார்ஜ் போட்டுக் கொண்டுவரவும். சென்ற முறை பாதிப் பேர் எங்கள் பிளக்கைத்தான் தேடினார்கள்.