உடையால் ஒரு சவால்: மனிதக் கடத்தலுக்கு எதிராகத் திரட்டும் நிதி எங்கே செல்ல வேண்டும்?

மும்பை: ஒரு மாதமோ ஓர் ஆண்டோ குறிப்பிட்ட உடையை மட்டும் அணிவதாக உறுதியேற்று, அதைக் காணும் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் மனிதக் கடத்தல் தடுப்புப் பணிக்கு நன்கொடை கேட்கும் முறை பல நாடுகளில் பரவியுள்ளது. மும்பையின் காட்கோபர் போன்ற புறநகரில் இச்சவாலை ஏற்க விரும்புவோர், எந்த உடை என்பதற்கு முன்னர் எந்தப் பணிக்கு நிதி என்பதை முடிவு செய்வது அவசியம். ஏனெனில், மீட்பு நடவடிக்கை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மறுவாழ்வுக்கோ பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

தொடக்கம் எப்படி?

அமெரிக்காவைச் சேர்ந்த பிளைத் ஹில், 2009-ஆம் ஆண்டு மாணவியாக இருந்தபோது, டிசம்பர் மாதம் முழுவதும் நாள்தோறும் கவுன் அணியும் சவாலை விளையாட்டாகத் தொடங்கினார். 'டிரஸ்', 'டிசம்பர்' ஆகிய சொற்களை இணைத்து அதற்கு 'டிரஸ்ஸெம்பர்' என்று பெயரிடப்பட்டது. தோழியர் பலர் இணைந்ததை அடுத்து, 2013-இல் அது மனிதக் கடத்தலுக்கு எதிரான நிதி திரட்டும் இயக்கமாக மாறியது. அந்த ஆண்டிலேயே 1.6 லட்சம் டாலருக்கும் அதிகமாக நிதி சேர்ந்தது. பின்னர் ஆண்களும் கழுத்துப்பட்டை அணிந்து பங்கேற்கத் தொடங்கினர்.

இதே முறைக்கு மும்பையுடன் தொடர்புடைய முன்னுதாரணமும் உண்டு. கேரளத்தில் வளர்ந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஷீனா மத்தைக்கன், 2009 மே 1 முதல் 365 நாள்களுக்கு ஒரே வடிவிலான கறுப்பு உடையை அணிந்தார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக ஏழு உடைகள் தைக்கப்பட்டன. இந்தியப் பள்ளிச் சீருடையே இதற்குத் தூண்டுதல். 'யூனிஃபார்ம் புராஜெக்ட்' எனப்பட்ட இம்முயற்சியில் 1 லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. மும்பை, புணே நகரங்களில் ஏழைக் குழந்தைகளின் கல்விக்காகப் பணியாற்றும் ஆகாங்க்ஷா அறக்கட்டளைக்கு அந்நிதி வழங்கப்பட்டது.

"நேற்றும் இதே உடைதானே?" என்று பிறர் கேட்கும் கேள்வியே இம்முறையின் அடிப்படை. அந்தக் கேள்வி எழும் ஒவ்வொரு முறையும், பலரும் பேசத் தயங்கும் ஒரு குற்றத்தைப் பற்றி விளக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

மீட்புக்குப் பிறகு என்ன?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, 2022-இல் நாடு முழுவதும் 2,250 மனிதக் கடத்தல் வழக்குகள் பதிவாகின. பாதிக்கப்பட்டோர் 6,036 பேர். மகாராஷ்டிரத்தில் மட்டும் 295 வழக்குகள் பதிவாகின.

மீட்புக்குப் பிந்தைய சிக்கலை மும்பை 1996-இலேயே கண்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் காமாட்டிபுரா பகுதியில் நடந்த காவல்துறைச் சோதனைகளில் 400-க்கும் மேற்பட்ட பெண்கள் மீட்கப்பட்டனர். அவர்களில் நேபாளத்தைச் சேர்ந்த 100-க்கும் மேற்பட்டோர் தாய்நாடு திரும்ப ஜூலை மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு திரும்பியவர்களில் சிலர் தொடங்கிய 'சக்தி சமூகா' அமைப்பு, 2013-இல் ரமோன் மகசேசே விருது பெற்றது.

காமாட்டிபுராவில் 1986-இல் தொடங்கப்பட்ட 'பிரேரணா' அமைப்பு, பாலியல் தொழிலில் உள்ள பெண்களின் குழந்தைகளுக்காக 1988-இல் இரவுநேரக் காப்பகத்தைத் திறந்தது. அடுத்த தலைமுறை அதே வலையில் சிக்காமல் தடுப்பதே இதன் நோக்கம். இவ்வமைப்பு தொடுத்த வழக்கில், மீட்கப்படும் சிறுமியர் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளாகவே நடத்தப்பட வேண்டும் என்று மும்பை உயர்நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது.

காட்கோபரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மான்குர்த், தேவ்னார் பகுதிகளில் குழந்தைகளுக்கும் மீட்கப்பட்ட பெண்களுக்கும் அரசு இல்லங்கள் உள்ளன. உணவும் உறைவிடமும் கிடைத்தாலும், மனநல ஆலோசனை, தாய்மொழி அறிந்த உதவியாளர், தொழிற்பயிற்சி, சாட்சியம் அளிக்கச் செல்லும் பயணம் ஆகியவை தொடர் செலவுகள். திரட்டப்படும் நிதி பெரிதும் பயன்படக்கூடிய இடம் இதுவே.

உடையின் பின்னணி

சவாலுக்கெனப் புதிய உடை வாங்குவதைத் தவிர்த்து, கைவசம் உள்ள சேலையையோ சுடிதாரையோ பயன்படுத்துவது பொருத்தமானது. ஆடை உற்பத்தியிலும் கட்டாய உழைப்பு இருந்து வந்துள்ளது. தமிழகத்தின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில், முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகக் கூறி இளம்பெண்களை மூன்றாண்டு வரை விடுதிகளில் தங்கவைத்த 'சுமங்கலித் திட்டம்' கடும் கண்டனத்துக்கு உள்ளானது. மும்பையின் ஜரிகைப் பட்டறைகளிலிருந்தும் வெளிமாநிலச் சிறுவர்கள் மீட்கப்பட்டுள்ளனர்.

கவனிக்க வேண்டியவை

நன்கொடையைத் தனிநபரின் வங்கிக் கணக்கில் சேர்க்காமல், பதிவு பெற்ற அமைப்பின் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் செய்வது பாதுகாப்பானது. பழைய வருமான வரி முறையில், தகுதி பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடைக்குச் சலுகை உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அச்சலுகை கிடைக்காது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் பணம், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அச்சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே அதைப் பெறலாம். 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அத்தொகையை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் இயலாது. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டிலிருந்து தங்கள் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புவதற்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது.

சமூக ஊடகங்களில் நிதி கோரும்போது, மீட்கப்பட்ட குழந்தைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவது இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி குற்றமாகும். பங்கேற்பாளர் தமது உடையின் படத்தை மட்டும் பகிர்வதே முறை.

குழந்தைக் கடத்தல் குறித்த ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணிலும், அவசர உதவிக்கு 112 என்ற எண்ணிலும் தகவல் தெரிவிக்கலாம்.