கறுப்புக்கும் ஒப்பனை

‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவம் 2022-ல் வெளியானது. அதன் நாயகி சிமோன் ஆஷ்லி தமிழ்ப் பெற்றோரின் மகள் என்றறிந்து நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் மகிழ்ந்தோம். மேலைநாட்டுப் பார்வையாளர் சிலரோ சினந்தனர்: 19-ம் நூற்றாண்டு லண்டன் பிரபுக்களிடையே மாநிறப் பெண்ணா, வரலாற்றுக்கு முரணல்லவா? முழுக் கற்பனைக் கதையிடம் வரலாற்றுச் சான்று கேட்கிறார்களே என்று எரிச்சலுற்றேன்.

பிறகுதான் உறைத்தது, நம் தொடர்களிடம் நாம் எந்தச் சான்றும் கேட்டதில்லை. கிராமத்து வீட்டில் தாய், மகள், மருமகள் அனைவரும் வெளிர் நிறம்; பல வேளை குரலும் இரவல். வரலாறு இருக்கட்டும், நிகழ்காலத்துக்கே முரண் அது. (ஒரு பாத்திரம் நாஞ்சில் தமிழ் பேசினால் மட்டும், ‘இது மலையாளமா?’ என்பார்கள்.)

விஜய் தொலைக்காட்சியின் ‘பாரதி கண்ணம்மா’ நிறத்தால் இழிவுக்குள்ளாகும் பெண்ணின் கதை. மலையாள அலைவரிசைகளையும் பார்க்கும் எங்களுக்கு, அது ‘கறுத்தமுத்து’வின் தழுவல் என்பது முன்பே தெரியும். நோக்கம் நல்லதே. ஆனால் நாயகியின் கருமை ஒப்பனையால் கூட்டப்பட்டது. 2019-ல் தொடர் தொடங்கியபோதே என் தங்கை மகள் கேட்டாள்: “கறுப்பாக நடிக்கக்கூட என் நிறம் ஆகாதா, மாமா?” அன்று சிரித்து மழுப்பிவிட்டேன்.