இணையத்தில் வற்றல் விற்போர் கவனத்திற்கு

சாத்தூர், அருப்புக்கோட்டைப் பகுதிகளில் சம்பா வற்றலும் குதிரைவாலியும் பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர், அவற்றைத் தூளாகவும் அரிசியாகவும் பொட்டலமிட்டு இணையத்தின் வாயிலாக நேரடியாக விற்கத் தொடங்கியுள்ளனர். மண்டிக்குப் போகும் தரகு மிஞ்சும் என்பது இவர்களது எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் மண்டித் தரகு சீட்டில் எழுதிக் கண் முன்னே பிடிக்கப்படுகிறது. இணையத்தில் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனத்தின் தரகு அப்படிக் கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். சென்னையில் ஒருவர் 500 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, கிரெடிட் கார்டில் பணம் செலுத்துகிறார். வசூல் நிறுவனம் 2 சதவீதம் பிடித்தால் 10 ரூபாய். நம் கணக்கில் விழுவது 490 ரூபாய். மற்றச் செலவெல்லாம் போக இந்த விற்பனையில் 60 ரூபாய்தான் நிற்கும் என்றால், அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பணமும் இப்படிக் கரைவதில்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகரிடம் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் வரம்பு வைத்துள்ளது. கிரெடிட் கார்டுக்கு அத்தகைய வரம்பு இல்லை. யு.பி.ஐ., ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி முதல் வங்கிக் கட்டணமே இல்லை.

ஆகவே மாதம் பத்து, இருபது ஆர்டர் மட்டுமே வருவோருக்கு வசூல் நிறுவனம் தேவையில்லை என்பது என் கருத்து. வங்கிக் கணக்கின் கியூ.ஆர். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் பெறலாம். வாங்குபவர் அனுப்பும் ரசீதுப் படத்தை மட்டும் நம்பிப் பொட்டலம் கட்ட வேண்டாம். வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. எவரேனும் கேட்டால் அது மோசடியே. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவும்.

ஆர்டர் பெருகி, வெளியூர்க்காரர்கள் கிரெடிட் கார்டு கேட்கும்போது நிறுவனத்தைத் தேடலாம். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ எனப் பல உள்ளன. வங்கியல்லாத நிறுவனம் இத்தொழில் செய்ய ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அவ்வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் கட்டணம் எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடவும். இருந்தால், ஆண்டுச் சந்தா உண்டா, யு.பி.ஐ.க்கும் சேவைத் தொகை பிடிப்பார்களா, எத்தனை நாளில் பணம் வரும், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பினால் பிடித்த கட்டணம் நமக்குத் திரும்புமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை.

"பொருள் வரவில்லை" என்று கார்டுக்காரர் தம் வங்கியில் முறையிட்டால், அந்தத் தொகையை நிறுத்தி வைத்து நம்மிடம் சான்று கேட்பார்கள். தபால் அலுவலக ரசீதுதான் அப்போது கைகொடுக்கும். அதைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

நம் பகுதிக்கென்றே ஓர் எச்சரிக்கை. தீபாவளி நெருங்கும்போது வற்றலோடு இரண்டு பெட்டி பட்டாசையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. இணையத்தில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. வெடிபொருளைத் தபாலிலும் அனுப்ப முடியாது. வசூல் நிறுவனம் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கினால், பட்டாசுப் பணத்தோடு வற்றல் விற்ற பணமும் மாட்டிக்கொள்ளும். பண்டிகைச் செலவுக்கு எதிர்பார்த்த பணம் அது.

கணக்குத் திறந்ததும் உறவினர் ஒருவரின் கிரெடிட் கார்டில் 100 ரூபாய்க்கு ஓர் ஆர்டர் போடச் சொல்லவும். எத்தனை ரூபாய், என்றைக்கு வந்து சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு, ஒப்புக்கொண்ட கட்டணத்தோடு சரிபார்த்த பின் விற்பனையைத் தொடங்கலாம்.