தயிர்க்காரி மங்கம்மாவும் மாஸ்தியும்

"மாஸ்தி, கன்னடத்தின் ஆஸ்தி" என்று கர்நாடகத்தில் சொல்வது வழக்கம். அந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ் என்பது பெங்களூர்த் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது. கோலார் மாவட்டத்தில் 1891-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி தமிழ் பேசும் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். எழுதியது கன்னடத்தில். 1910-ம் ஆண்டுவாக்கில் "ரங்கன மதுவே" என்ற கதையுடன் தொடங்கி, "ஸ்ரீநிவாச" என்ற புனைபெயரில் ஏராளமான சிறுகதைகள் எழுதினார். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

அவருடைய கதைகளில் முதியவர்கள் நிறைய வருவார்கள். ஆனால் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு கதையைச் சொன்னால் போதும். "மொசரின மங்கம்மா" என்பது அதன் பெயர். மொசரு என்றால் தயிர்.

தனி அடுப்பு

மங்கம்மா வயதானவள். பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்கு வந்து வீடு வீடாகத் தயிர் விற்கிறாள். வாடிக்கையாகத் தயிர் வாங்கும் ஒரு வீட்டு அம்மாளிடம் உட்கார்ந்து தன் கஷ்டசுகத்தைச் சொல்லுவாள். அந்த அம்மாள் நமக்குச் சொல்வதுபோல் கதை நடக்கிறது.

ஒருநாள் மருமகள் நஞ்சம்மா தன் பையனை அடித்தாள். பாட்டிக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டாள். பெற்றவளுக்கு அடிக்க உரிமை இல்லையா என்று மருமகள் திருப்பிக் கேட்டாள். மகன் மனைவியின் பக்கம் பேசினான். மங்கம்மா தனி அடுப்பு மூட்டினாள்.

இதுவரை எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். பிறகு நடப்பதில்தான் மாஸ்தியின் கைவண்ணம் தெரிகிறது. மங்கம்மாவுக்குத் தொழில் இருக்கிறது. சேர்த்து வைத்த காசும் இருக்கிறது. இனி யாருக்காகச் சேர்ப்பது? வெல்வெட் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்கிறாள். இந்த வயதில் இதென்ன வேஷம் என்று பேச்சு வருகிறது. காசு இருப்பதை மோப்பம் பிடித்த ரங்கப்பா என்ற ஊதாரி ஒருவன், போகிற வழியில் கூடவே நடந்து, குழைந்து குழைந்து பேசிக் கடன் கேட்கிறான். வீட்டில் மதிப்பிழந்த நேரத்தில் வெளியாள் ஒருவன் அன்பாக விசாரித்தால் மனம் என்ன பாடுபடும்? முதுமையில் பெண்ணுக்கு ஏற்படும் இந்தத் தடுமாற்றத்தைக் கேலி செய்யாமல் எழுத அந்தக் காலத்தில் எத்தனை பேர் துணிந்தார்கள்!

நஞ்சம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. கிழவியின் பணம் ரங்கப்பாவிடம் போய்விடுமே என்று பயந்து, பையனையே பாட்டியிடம் அனுப்பி வைக்கிறாள். அவன் பாட்டியை ஒட்டிக்கொள்கிறான். இரண்டு வீடு மறுபடி ஒன்றாகிறது. சில நாளில் தயிர்க்கூடை மருமகளின் தலைக்கு மாறுகிறது. மங்கம்மாவே அவளை அழைத்து வந்து வாடிக்கை வீடுகளில் அறிமுகம் செய்து வைக்கிறாள்.

குடும்பத்தைச் சேர்த்து வைத்தது பாசமா, காசா? மாஸ்தி தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டும் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. கிழவி கையில் நாலு காசு இல்லாதிருந்தால் பேரன் வந்திருப்பானா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. இந்தக் கதை இந்தியிலும் மொழிபெயர்க்கப்பட்டு, பீகாரில் பத்தாம் வகுப்புப் பாடமாகவும் சேர்ந்தது.

52 வயதில் ராஜினாமா

கதை எழுதியவரும் ஒதுக்கப்படுவதன் கசப்பை அறிந்தவர்தான். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914-ம் ஆண்டு ஆங்கில எம்.ஏ. பட்டத்தைத் தங்கப் பதக்கத்துடன் பெற்று, மைசூர் அரசுப் பணியில் படிப்படியாக உயர்ந்தார். அமைச்சருக்கு நிகரான பதவி தமக்கு வரும் என்றிருந்த நேரத்தில், தம்மைவிட இளையவர் ஒருவருக்கு அது கொடுக்கப்பட்டது. 1943-ம் ஆண்டு வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அப்போது வயது 52.

அவர் மனம் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் "ஜீவன" என்ற பத்திரிகையை ஏற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார். குடகின் கடைசி அரசரைப் பற்றிய "சிக்கவீர ராஜேந்திர" நாவல் 1956-ம் ஆண்டு வெளிவந்தபோது வயது 65. சிறுகதையையும் விடவில்லை. 1968-ம் ஆண்டு அவருக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது, சிறுகதைகளின் 12, 13-வது தொகுதிகளுக்காக. முதல் தொகுதி வந்தது 1920-ல் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உழைப்பு புரியும்.

பெங்களூர் கவிபுரத்தில் குடியிருந்தார். பசவனகுடி கிளப்புக்கு நடந்து போய்ச் சீட்டாடுவது அவருடைய வழக்கம். ஏடும் எழுத்துமாகவே இருக்கும் பெரியவர் என்று நினைத்துப் பார்க்க வந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்கும்! 1983-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார்.

1986-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி மாஸ்தி காலமானார். அன்று அவருக்கு 95-வது பிறந்த நாள். தமிழில் குடும்பக் கதைகளுக்குப் பேர்போன லா.ச.ரா.வும் இதேபோல், 1916-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பிறந்து, 2007-ம் ஆண்டு அதே அக்டோபர் 30-ந் தேதி மறைந்தார்.