பகையறிந்து படை விடுதல்

மதுரையினின்று மேலூர்ச் சாலையில் செல்வோர், ஒத்தக்கடைக்கு அருகே பெரும்பாறைக் குன்றொன்றைக் காண்பர். படுத்திருக்கும் யானை போன்ற தோற்றத்தால் அது யானைமலை எனப் பெயர் பெற்றது. நகரின் மேற்கே நாகமலை நீண்டு கிடக்கின்றது; தென்மேற்கே பசுமலை உள்ளது. இம்மூன்றும் மதுரையை அழிக்க ஏவப்பட்ட மாய விலங்குகளே என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும். ஏவியவர் சமணர் என்பது அந்நூலின் கூற்று. யானைமலையிலோ சமணச் சிற்பங்கள் இன்றும் உள்ளன. ஆதலின் இதனை வரலாறாகக் கொள்ளாது, கதையாகவே கொள்வோம்.

எவ்விலங்கை எதனால் வென்றனர் என்பதே நாம் நோக்கத்தக்கது. யானைமீது எய்தது நரசிங்கக் கணை. யானைக்குச் சிங்கம் பகையன்றோ? அம்மலையடியில் கி.பி. 770-இல் குடைந்த நரசிங்கப்பெருமாள் கோயிலும் இருத்தல் காண்க. பாம்பைப் பாண்டியனின் அம்பு வீழ்த்தியது; ஆனால் அது கக்கிய நஞ்சை அம்பு என் செய்யும்? அதற்குத் திங்களின் அமுதமே வேண்டியிருந்தது. பசுவைக் கொல்லல் பாவமாதலின், எதிரே நந்தி விடப்பட்டது. அக்காளையின் அழகில் மயங்கிப் பசு உயிர் விட்டது. மூன்று பகைக்கும் ஒரே படை உதவவில்லை.

இந்நெறியையே அடிப்படையாகக் கொண்ட போக்கிமான் என்னும் விளையாட்டு, 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கென வெளிவந்தது. அதில் பொருதும் விந்தை உயிர்கள் இனம் இனமாக வகுக்கப்பட்டுள்ளன. நீர் தீயை அவிக்கும். தீ பயிரை எரிக்கும். பயிர் நீரை உறிஞ்சும். வைகைப் பாசன வயல்களைக் கண்ட மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பகையினத்தைத் தாக்கினால் ஊறு இருமடங்காகும். தன்னை வெல்லும் இனத்தைத் தாக்கினாலோ பெரும்பாலும் பாதியாகும். மின்னல் நிலவினத்தைச் சிறிதும் தீண்டாது. இடிதாங்கி மின்னலை மண்ணுள் செலுத்தி அடக்குவதை நினைவு கூர்க.

ஓருயிர் ஈரினத் தன்மை உடையதாகவும் இருக்கலாம். நீரினம் மின்னலுக்கு அஞ்சும். நிலத்தன்மையும் உடன் சேரின் அவ்வச்சம் அறவே நீங்கும். ஆனால் பயிரினம் நீர், நிலம் இரண்டிற்கும் பகையாதலின், அதன் தாக்குதல் நான்மடங்காகி வந்து விழும். ஒரு வாயிலை அடைத்தவன் மற்றொன்றை அகலத் திறந்து வைத்தது போலும் இது!

முதலில் இனங்கள் 15. அவற்றுள் உளவலி இனத்திற்குப் பூச்சியினம் ஒன்றே பகை, பூச்சியினத்தின் தாக்குதல்களோ சிலவே, அவையும் வலியற்றவை. அதனால் ஆடுவோர் பலரும் உளவலி இனத்தையே நாடினர். ஏனையவற்றைத் தேர்வதில் பயன் குறைந்தது. ஆய்ந்து தேரும் சுவையே கெடும் நிலை கண்டு, 1999-இல் இருளினமும் எஃகினமும் சேர்க்கப்பட்டன. உளவலித் தாக்குதல் இருளினத்தைத் தீண்டாது. எஃகினத்திற்கு அது பாதி ஊறே செய்யும். பின்னர் 2013-இல், டிராகன் இனத்தின் தாக்குதல் தீண்டவியலாத தேவதை இனம் தோன்ற, இனங்கள் 18 ஆயின.